கோரஸில் பாடினால் என்ன குறைச்சல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் ஐரோப்பாவில் மேற்கத்திய சாஸ்திரிய இசை படிக்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல விசயம், வாசிக்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடிக்கிற மேற்கத்திய இசை நாடகம், அதற்குப் பாட்டுப் படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதிய இடத்தில் மிலான், வியன்னா, நியூயோர்க் மேடைகள் எல்லாம் வழி பார்த்துக் காத்திருக்கிற மாதிரி எழுதிவிட்டு, இரண்டு பந்தி தள்ளி, பிள்ளை கோரஸில், அதாவது மேடையில் கூட்டமாக நின்று பாடுகிற குழுவில், போய் நின்றுவிடக் கூடாது என்று தகப்பன் கவலைப்படுவதாகவும் போட்டிருந்தீர்கள். அந்தத் தகப்பனுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல ஆளைத் தெரியாது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பாடகன் இல்லை. ஜேர்மனியில் ஒரு நடுத்தர நகரத்து அரங்கில் உடுப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். ஊரில் பழகியது தையல், இங்கே வந்து கண்ட கண்ட வேலையெல்லாம் செய்து கடைசியில் ஊசி நூலுக்கே திரும்பி வந்தேன். பாடகர்களுக்கு உடுப்புப் போட்டுவிடுவது, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் அவசரமாக மாற்றிவிடுவது, கிழிந்ததைத் தைப்பது, இதுதான் என் வேலை. சங்கீத ஞானம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யார் மாதச் சம்பளத்துக்குப் பாடுகிறார், யார் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பேசிப் பாடுகிறார், யாருக்கு வரும் வருடம் வேலை இல்லை என்பதெல்லாம் உடுப்பு மாற்றும் அறையில் காதில் விழாமல் போகாது.

ஓபரா பாடகர் என்றதும் எல்லாருடைய மனதிலும் வருவது இன்றைக்குப் பாரிஸ், நாளைக்கு லண்டன் என்று பறந்து திரிகிற ஆட்கள்தான். அவர்கள் ஒரு கைப்பிடி. ஜேர்மனியில் அரச பணத்தில் ஓடும் ஓபரா அரங்குகள் ஏறத்தாழ எண்பது இருக்கின்றன. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிடையாது. அதனால்தான் கொரியா, அமெரிக்கா, ஜோர்ஜியா, உக்ரைன் என்று எங்கெங்கேயோ படித்து முடித்தவர்கள் இங்கே வந்து கதவு தட்டுகிறார்கள். இந்த அரங்குகளில் பாடுகிறவர்களில் பெரும் பங்கு வீட்டுக்காரர்கள், அதாவது அந்த அரங்கோடேயே மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள்: ஒரு பக்கம் என்செம்பிள் என்று சொல்லும் தனிப் பாடகர்கள், மறுபக்கம் கோரஸ். மிச்சப் பேர் விருந்தினர், ஒரு நாடகத்துக்கு வந்து பாடிவிட்டுப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கோயிலோடு நிரந்தரமாக இருக்கிற மேளகாரருக்கும், கலியாண வீடு, சாமத்திய வீடு என்று பேசிப் பேசி ஓடுகிற மேளகாரருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

என்செம்பிளில் இருப்பவரின் பாடு லேசில்லை. செவ்வாய்க்கிழமை மொசார்ட், வெள்ளிக்கிழமை ஒபரெட்டா என்கிற லேசான சிரிப்பு ஓபரா, ஞாயிறு காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நாடகம், நடுவில் அடுத்த தயாரிப்புக்கு ஒத்திகை. ஒரு பருவத்தில் ஐந்தாறு பாத்திரம் சாதாரணம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பிரிவு உண்டு, 'ஃபாஹ்' என்பார்கள். சொப்ரானோ என்றால் பெண்களின் ஆக உயர்ந்த குரல். மெல்லிய சொப்ரானோ, வேகமாக மேலே ஓடி விளையாடும் சொப்ரானோ, கனத்த நாடகக் குரல் சொப்ரானோ என்று ஒரே சொப்ரானோவிலேயே எத்தனையோ. எந்தப் பிரிவுக்கு எடுக்கிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள், ஏனென்றால் தன் குரலுக்குப் பொருந்தாத பாத்திரத்தை ஆள் இல்லாத அவசரத்துக்குத் தலையில் கட்டினால் குரல் போய்விடும், போனால் அரங்கு வேறு ஆளை எடுத்துக்கொள்ளும், பாடகருக்கு வேறு குரல் கிடைக்காது.

சம்பளத்தைச் சொல்கிறேன், கட்டுரையில் அது ஒரு இடத்திலும் இல்லை. ஜேர்மன் அரங்குக் கலைஞர்களுக்கான பொது ஒப்பந்தத்தில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2022 கோடை வரைக்கும் 2,000 யூரோ. வரி, காப்புறுதி கழிக்க முன்னம். ஐந்து ஆறு வருடம் இசைக் கல்லூரியில் படித்து, இத்தாலியன், பிரெஞ்சு, ரஷ்யன் என்று வாயில் நுழையாத மொழியெல்லாம் மனப்பாடம் பண்ணின ஆளுக்கு அது. உடுப்பு மினுக்குகிற எங்களில் சிலர் அதைவிடக் கூட எடுத்தோம், சொல்ல வெட்கமாக இருக்கும். தொழிற்சங்கம் விடாமல் நின்றதில் 2023 ஜனவரியில் அது 2,715 யூரோ ஆனது. எல்லாருக்கும் அந்த ஆகக் குறைந்த தொகைதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சின்ன அரங்குகளில் இளம் பாடகர்கள் அந்தக் கோட்டுக்கு மேலே தலையைத் தூக்குவதே பெரிய காரியம்.

அதைவிடப் பெரிய தலையிடி வேலை உறுதி. ஒப்பந்தம் ஒவ்வொரு வருடத்துக்குத்தான். பொதுவாக ஒக்டோபர் 31க்குள் இரண்டு பக்கமும் வாய் திறக்காவிட்டால் தானாகவே அடுத்த பருவத்துக்கு நீளும். நிர்வாகத்துக்கு ஆள் வேண்டாமென்றால் அந்தத் திகதிக்குள் 'புதுப்பிக்கவில்லை' என்று சொன்னால் சரி, சட்டத்தில் அது வேலைநீக்கமே இல்லை. சொல்ல முன்னம் ஆளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி, அதனால் ஒக்டோபர் நடுப்பகுதியில் எங்கள் அரங்கின் கண்டீனில் சத்தம் குறைந்துவிடும். யாருக்குக் கடிதம் வந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். பதினைந்து வருடம் தாண்டிவிட்டால் இப்படி லேசாக அனுப்ப முடியாது, பாதுகாப்பு வந்துவிடும். நல்ல சட்டம்தானே என்று நினைப்பீர்கள். நடப்பது என்னவென்றால், பதின்மூன்றாம் பதினாலாம் வருடத்தில் நாற்பது வயதை எட்டிப் பிடிக்கிற ஒரு சொப்ரானோவுக்குத் திடீரென்று "கலை ரீதியான காரணம்" முளைத்துவிடும். புது இன்டென்டன்ட், அதாவது அரங்கின் தலைமை இயக்குநர், வந்தால் இன்னும் மோசம். அவர் தன்னோடு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார், இருக்கிற பாடகர்களில் பாதிப் பேர் பெட்டி கட்ட வேண்டும். பாடினது சரியில்லை என்பதற்காக இல்லை, இயக்குநர் நாற்காலியில் ஆள் மாறினதற்காக.

எங்கள் அரங்கில் பல வருடமாக லா போஹேம் என்ற ஓபராவின் ஒரே தயாரிப்பை எடுத்து எடுத்து ஓட்டுகிறோம். அதில் ஓவியன் மார்செல்லோவுக்கு ஒரு மண்ணிறக் கோட்டு. கழுத்துப்பட்டிக்குக் கீழே உள்பக்கத்தில் வெள்ளை நாடாவில் பாடகரின் பெயரை எழுதித் தைப்பது எங்கள் வழக்கம், ஆள் மாறினால் பழைய நாடாவைப் பிரிக்க மாட்டோம், பக்கத்தில் இன்னொன்று தைப்போம், எப்போது பழைய ஆள் திரும்ப வருவார் என்று தெரியாதே. அந்தக் கோட்டில் இப்போது நாலு பெயர். முதலாமவர் பெரிய அரங்கு ஒன்றுக்குப் போய் நன்றாக இருக்கிறார். இரண்டாமவர் ஊருக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். மூன்றாமவர் முப்பத்தெட்டாம் வயதில் கணினி படிக்கப் போனார், இப்போது பாடகராக எடுத்ததைவிட இரண்டு மடங்கு எடுக்கிறாராம், கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயத்தில் பாக் என்ற இசையமைப்பாளரின் பாட்டுகளைப் பாட மட்டும் வருவார். நாலாவது ஆள் இருக்கிறாரே, அவர் இரண்டு பருவம் அந்தப் பாத்திரத்தைப் பாடிவிட்டு, தானாகவே கோரஸ் தேர்வில் பாடி அங்கே போனார். நாலு பேரிலும் குரல் ஆகச் சிறந்தது அவருடையது என்று இசைக்குழுவில் வயலின் வாசிக்கிற ஒரு அம்மா சொல்வார். ஏன் போனார் என்று கேட்டதற்கு, "என் மகளின் பள்ளிக்கூடத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற எனக்கு ஏலாது" என்றார். அவ்வளவுதான் பதில்.

விருந்தினர்களைப் பார்ப்போம், அந்தத் தகப்பனின் கனவு அங்கேதானே இருக்கிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் காசு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி. ஐந்து ஆறு கிழமை ஒத்திகை பார்ப்பார்கள், அதற்குச் சில இடங்களில் ஒரு சிறு தொகை, சில இடங்களில் ஒரு சதமும் இல்லை. முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்தால் அந்த இரவின் காசு போச்சு. கிடைக்கிறதில் ஏஜென்டுக்குப் பத்து வீதமோ அதற்கு மேலோ, தங்கும் அறை வாடகை, ரயில், விமானம், குரல் ஆசிரியருக்கு, பியானோ வாசித்துப் பாடம் எடுக்கிறவருக்கு. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக மெட்) முதல்தர நட்சத்திரத்துக்கே ஒரு இரவுக்கு உச்சம் 17,000 டொலர் என்று 2014 ஆம் ஆண்டு தொழிற்சங்கத் தகராறு நடந்தபோது பத்திரிகைகளில் வந்தது. பெரிய தொகைதான், ஆனால் உலகத்திலேயே அதை வாங்குகிற ஆட்களை விரல் விட்டு எண்ணலாம், அவர்களும் வருடத்தில் எல்லா நாளும் பாடுவதில்லை. அதே தகராறில் நிர்வாகம் இன்னொரு முறைப்பாடும் சொன்னது: தங்கள் முழுநேரக் கோரஸ் பாடகர் ஒருவருக்கு, மேலதிக நேரத்தோடு சேர்த்து, சராசரியாக வருடத்துக்கு இரண்டு லட்சம் டொலர் அளவில் போகிறது என்று. கோரஸில் நின்றுவிடக் கூடாது என்று கவலைப்படுகிற தகப்பன் இந்த வசனத்தை இன்னொருமுறை வாசிக்க வேண்டும். அதே மேடையில் சின்னப் பாத்திரம் பாடிவிட்டுப் போகும் விருந்தினர் பலருக்கு அது கனவில்தான் கிடைக்கும்.

கொரோனா வந்தபோது எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் மெட் பூட்டினது, 2021 செப்டெம்பரில்தான் திரும்ப ஓபராவுக்குத் திறந்தது. தனிப் பாடகர்களின் ஒப்பந்தங்களை 'எதிர்பாராத பேரிடர்' விதியைக் காட்டி ரத்துப் பண்ணினார்கள், பாடாத இரவுக்குக் காசில்லை. அங்கே கோரஸுக்கும் இசைக்குழுவுக்கும்கூட ஏப்ரலிலிருந்து மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, மருத்துவக் காப்புறுதி மட்டும் ஓடினது. இங்கே ஜேர்மனியில் வீட்டுக்காரர்களுக்கு அரசின் குறுகிய வேலைநேரக் கொடுப்பனவு வந்துகொண்டிருந்தது, நாங்களும் அதில்தான் சமாளித்தோம். விருந்தினராக ஓடித் திரிந்தவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு டெனர் (ஆண்களில் உயர்ந்த குரல்காரர்) சுப்பர்மார்க்கெட்டில் தட்டுக்குச் சாமான் அடுக்கினார், இன்னொருவர் தபால் பொதி கொண்டுபோனார். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்கள் எல்லோரும் இங்கே வந்த காலத்தில் செய்த வேலைதான். ஆனால் அப்படி ஒரு நாள் வரும் என்று இசைக் கல்லூரியில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

விருந்தினர் வாழ்க்கையில் ருசியான பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நியாயமில்லை. ஒரு நாள் காலையில் எங்கள் டெனருக்குக் குரல் எழும்பவில்லை. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் தொலைபேசி மேல் தொலைபேசி, நாட்டில் யார் யாருக்கு அந்தப் பாத்திரம் தெரியும், அதில் யார் இன்றைக்குச் சும்மா இருக்கிறார், அதில் யார் நாலு மணிக்குள் இங்கே வந்து சேருவார். ஒருவர் ரயிலில் ஏறிவிட்டார். நாலரைக்கு வந்தார், கையில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு வாழைப்பழம். உதவி இயக்குநர் அவரை உட்கார்த்தி வீடியோவை ஓட்டிக் காட்டுகிறார்: இங்கே வலது பக்கத்தால் வருகிறீர்கள், இங்கே கடிதத்தைக் கிழிக்கிறீர்கள், இந்தப் படியில் கால் வைக்காதீர்கள் அது உடையும். அவர் தலையாட்டிக்கொண்டு வாழைப்பழத்தைச் சாப்பிடுகிறார், நான் பின்னால் முழங்காலில் நின்று அவருடைய ஜாக்கெட்டின் முதுகுத் தையலைப் பிரித்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வைத்துத் தைக்கிறேன், எங்கள் ஆள் ஒல்லி, வந்தவர் நல்ல நெஞ்சு. ஏழரைக்குத் திரை. அவர் முன்பின் கண்டிராத சொப்ரானோவைப் பார்த்து உயிரைக் கொடுத்துக் காதல் பாட்டுப் பாடினார், சபை எழும்பி நின்று கை தட்டினது, பத்தே முக்காலுக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க முகத்து மையோடேயே ஓடினார். அந்த இரவுக்கு அவருக்கு நல்ல காசு. அடுத்த மாதம் முழுக்க அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று அந்தத் தையல் போடும்போதுதான் எனக்குச் சொன்னார்.

உடுப்பு என்று வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2004 இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில், அந்தக் காலத்தின் மிகப் பெரிய சொப்ரானோக்களில் ஒருவரான டெபோரா வொய்ட்டை ஒரு தயாரிப்பிலிருந்து தூக்கினார்கள், பாத்திரத்துக்கென்று வைத்திருந்த கறுப்பு உடுப்புக்கு அவருடைய உடம்பு சரிவராதாம். தைக்கிறவனாகச் சொல்கிறேன், உடுப்பைப் பெருப்பிக்க அரை நாள் போதும். அவர் அதற்குப் பிறகு வயிற்று அறுவைச் சிகிச்சை செய்து உடம்பைக் குறைத்து 2008 இல் அதே மேடையில் அதே தயாரிப்பைப் பாடினார். தனிப் பாடகராகப் போகிற பிள்ளை, குறிப்பாகப் பெண் பிள்ளை, இந்த வகைப் பேச்சையும் கேட்கத்தான் வேண்டி வரும். குரலுக்கு மட்டும்தான் மதிப்பு என்று ஒருவரும் ஏமாற வேண்டாம்.

சரி, கோரஸ். எங்கள் அரங்கின் கோரஸில் முப்பது பேரளவில். அத்தனை பேரும் தனிப் பாடகர்கள் படித்த அதே கல்லூரியில் அதே பாட்டைப் படித்தவர்கள். மைக் இல்லாமல் அறுபது எழுபது வாத்தியத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அது கத்துவதால் வராது, தொண்டையையும் வாயையும் ஒரு குறிப்பிட்ட மாதிரி வைத்து 3,000 ஹெர்ட்ஸ் அளவில் குரலுக்கு ஒரு கூர்மை வர வைக்கிறார்கள், அந்த இடத்தில் வாத்தியங்களின் பலம் குறைவு, அதனால் குரல் மேலே எழும்பிக் கேட்கும். இதைப் பழக வருடக்கணக்காகும், கோரஸ் பாடகரும் அதைப் பழகியவர்தான். ஒரு இடம் காலியானால் விண்ணப்பம் குவியும், தேர்வில் தனிப் பாட்டும் பாட வேண்டும், கோரஸ் பகுதிகளும் பாட வேண்டும், கோரஸே தெரிவு செய்த பிரதிநிதிகள் உட்கார்ந்து கேட்பார்கள். உள்ளே வந்துவிட்டால் சட்டப்படி அவர்களுக்கும் வருட ஒப்பந்தம்தான், ஆனால் நடைமுறையில் கதை வேறு: அனுப்புவதென்றால் அந்தப் பிரதிநிதிகளின் கருத்தைக் கேட்க வேண்டும், இன்டென்டன்ட் மாறினார் என்று கோரஸை யாரும் மாற்றுவதில்லை. நடுவில் சின்னச் சின்னப் பாத்திரம் கிடைத்தால் அதற்குத் தனிக் காசு. எங்கள் கோரஸில் இருபத்தைந்து வருடம் கடந்தவர்கள் இருக்கிறார்கள், வீடு வாங்கினவர்கள் இருக்கிறார்கள், இளைப்பாறும் மட்டும் பாடிவிட்டுப் பூச்செண்டோடு போனவர்களுக்கு நான் கடைசி முறை உடுப்புக் கழற்றிவிட்டிருக்கிறேன். தனிப் பாடகர் ஒருவருக்கு அந்தப் பாக்கியம் எங்கள் அரங்கில் கிடைத்து நான் காணவில்லை.

கஷ்டம் இல்லாமல் இல்லை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பிறகு மாலை ஆறுக்குத் திரும்ப, கிழமைக்கு ஆறு நாள், சனி ஞாயிறில்தான் வேலை கூட. சின்னப் பிள்ளை இருக்கிற தாய்மார் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும், இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையைப் பார்க்கிற காப்பகம் எந்த ஊரில் இருக்கிறது? இன்னொன்று, கோரஸ் வேலையும் எல்லா நாட்டிலும் உறுதியானது இல்லை. இங்கிலாந்தில் இங்கிலிஷ் நஷனல் ஓபராவை 2022 நவம்பரில் அரசின் கலைச் சபை தன் வழக்கமான நிதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, காசு வேண்டுமானால் லண்டனை விட்டு வெளிக்கிடு என்றது, கடைசியில் மான்செஸ்டர் பக்கம் போவதென்று முடிவானது, அந்த இழுபறியில் வருடம் முழுவதும் வேலை செய்த கோரஸின் ஒப்பந்தத்தை வருடத்தில் சில மாதத்துக்கென்று வெட்டினார்கள். ஜேர்மன் நகரசபைகளும் இப்போது காசில்லை காசில்லை என்றுதான் கதைக்கின்றன. அதனால் கோரஸ் என்றால் சொர்க்கம் என்று நான் எழுதவில்லை. குரலை வைத்துப் பிழைப்பதற்கு இருக்கிற வழிகளில் ஆக நேர்மையான வழி அது, அதைப் போய்த் தோல்வி என்று பிள்ளையின் மண்டையில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நட்சத்திரக் கதைகளையும் முழுதாகச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிரயோசனம். ஜேர்மன் டெனர் யோனாஸ் கௌஃப்மன் இன்றைக்குப் பெரிய பெயர். தொண்ணூறுகளின் நடுவில் அவர் சார்ப்ரூக்கன் அரங்கில் மாதச் சம்பளத்துக்குப் பாடின இளம் ஆள், பார்சிஃபால் என்ற ஓபராவில் ஒரு சின்னப் பாத்திரம் பாடும்போது மேடையிலேயே குரல் நின்றுவிட்டது. வேறொரு ஆசிரியரிடம் போய்ப் பாடும் முறையையே அடியிலிருந்து மாற்றினார். மெட்டில் முதன்முதலாகப் பாடினது 2006 இல். நோர்வேக்காரி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் இருபது வருடம் பெரும்பாலும் நோர்வேயிலும் பக்கத்து நாடுகளிலும் பாடிக்கொண்டிருந்தவர், 1935 இல் நியூயோர்க்கில் ஏறும்போது வயது 39, அடுத்த நாளே ஊர் முழுக்க அவர் பேச்சு. உலகப் புகழ்பெற்ற சொப்ரானோ மரியா கலாஸ் கடைசியாக ஓபரா மேடையில் பாடினபோது, 1965 இல் லண்டனில், வயது 41. ஒருவருக்குத் தொடங்குகிற வயதில் இன்னொருவருக்கு முடிகிறது, இதில் எந்தப் பிள்ளைக்கு எது என்று எந்த ஆசிரியராலும் பதினெட்டு வயதில் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் அவர் பெயர் வராதது எனக்கு ஆச்சரியம். ஷோன் பனிக்கர், இலங்கையிலிருந்து போன பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டெனர். 2008 இல் மெட்டில் ஒரு சின்னப் பாத்திரத்தில் வந்தார். 2013 இல் தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் ஃபோர்ட்டே என்ற மூவர் குழுவில் நின்று பாடினார், சாஸ்திரியப் பாடகர் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 2018 இல்தான் சால்ஸ்பேர்க் விழாவில் ஒரு பெரிய பாத்திரம், அதே வருடம் லொஸ் ஏஞ்சலிஸில் பிலிப் கிளாஸ் எழுதிய சத்தியாக்கிரகம் என்ற ஓபராவில் காந்தியாக, பகவத்கீதை வரிகளைச் சமஸ்கிருதத்திலேயே பாடினார். சின்னப் பாத்திரத்துக்கும் அதற்கும் நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் எப்படிச் சீவித்தார், வீட்டுச் செலவை எப்படிப் பார்த்தார் என்று யாராவது அவரிடம் கேட்டு எழுதினால் பத்து மேடைப் படத்தைவிட அது பெறுமதி.

ஆசிரியரிடம் என் கோரிக்கை இதுதான். அடுத்தமுறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது ஒரு கோரஸ் பாடகரிடமும் கதையுங்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார், ஒப்பந்தம் எப்படி என்று கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்வார்கள், எங்களை மாதிரிச் சம்பளத்தை ரகசியமாகப் பொத்தி வைப்பவர்கள் அரங்கில் குறைவு.

அந்தத் தகப்பனுக்கும் ஒன்று. ஐயா, பிள்ளையைப் படிக்க விடுங்கள். இங்கே அரச இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் படிப்புக்கட்டணம் இல்லை, அமெரிக்காவில் வீடு அடகு வைத்துப் படிக்கிற பிள்ளைகளோடு பார்த்தால் உங்கள் பிள்ளைக்குக் கடன் இல்லாத தொடக்கம், ஜேர்மன் மொழி வேறு தாய்மொழி மாதிரி வரும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதற்கே இரண்டு வருடம் மினக்கெடுகிறார்கள். ஓபரா ஸ்டூடியோக்களில் பயிற்சிக்கு எடுக்க முப்பது, முப்பத்திரண்டு என்று வயது எல்லை வைத்திருக்கிற இடங்கள் கன இருக்கின்றன, அதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அரச வேலைவாய்ப்பு நிறுவனத்திலேயே கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே பாடிக்காட்டினால் எந்த அரங்குக்குப் பொருந்தும் என்று உள்ளதைச் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னம், படிக்கும்போதே பக்கத்து அரங்கின் எக்ஸ்ட்ரா கோரஸில் போய்ச் சேரச் சொல்லுங்கள். லோஹென்கிரின் மாதிரிப் பெரிய ஓபராவுக்கு வீட்டுக் கோரஸ் போதாது, வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள், ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சின்னக் காசும் உண்டு, மாணவர்கள் கன பேர் அப்படித்தான் முதன்முதல் மேடை ஏறுகிறார்கள். கோடை விடுமுறை முடிந்து பருவம் தொடங்கும்போது விசாரித்தால் தேர்வு எப்போது என்று அலுவலகத்திலேயே சொல்வார்கள். பிள்ளை ஒரு பருவம் பின்னால் நின்று பார்த்தால், தனக்கு எந்தப் பக்கம் சரிவரும் என்று அதற்கே தெரியும், நீங்களும் நானும் தீர்மானிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
அரங்கு உடுப்புப் பகுதியில் வேலை செய்யும் ஒரு வாசகர்,
ஜேர்மனி.